நாசரேத்தில் படித்த நேரக் கணக்கு

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏறினால், ஸ்ரீவைகுண்டம் வரை வாழையும் நெல்லும் ஜன்னலோடு கூடவே வரும். எல்லாம் தாமிரபரணியின் தயவு! ஆழ்வார்திருநகரி தாண்டியதும் பனைமரங்கள் தலைகாட்டும். அடுத்த நிலையம் நாசரேத். சாண்பத்து என்பது இந்த ஊரின் பழைய பெயர்.

சிற்றூர்தான். ஆனாலும் வைத்தியத்தில் பழம்பெருமை உள்ள ஊர். ஸ்ட்ராச்சன் என்ற மிஷன் டாக்டர் 1870-இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தூய லூக்கா மருத்துவமனை. 1876-இல் வந்து, 1908-இல் இந்த ஊரிலேயே கண்மூடிய மர்காஷிஸ் ஐயரை 'நாசரேத்தின் தந்தை' என்றே சொல்கிறார்கள்.

நான் போனது என் பெரியப்பா மகன் அண்ணாச்சியைப் பார்க்க. ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தவர். இப்போது தினமும் காலையில் கடைத்தெரு வரை நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறார். அந்த ராத்திரி நடந்ததை மைனி சொன்னாள்:

"மணி பதினொண்ணு இருக்கும். உங்க அண்ணாச்சி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாவ. சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு. 'வாயுதான், சுக்குத்தண்ணி போடு'ன்னாவ. சுக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கிளம்புங்கன்னு 108-க்கு போன் பண்ணிட்டேன்."

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டார்கள். அப்புறம் ஆம்புலன்ஸில் தூத்துக்குடி. மறுநாள் ஆஞ்சியோகிராம் பார்த்து, அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தாலும் வைத்தியம் ஊரிலேயே தொடங்கிவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்துத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே வரும். செத்த தசை மறுபடி முளைக்காது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

முன்னெல்லாம் மாரடைப்புக்கு வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பதுதான் பெரிய வைத்தியம். 1977-இல் சூரிக் நகரில் குருன்ட்சிக் என்ற மருத்துவர், பலூன் வைத்து இதயக் குழாய் அடைப்பை முதன்முதலாக விரித்தார். 1988-இல் பல நாடுகளில் 17,187 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையும், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது ஐந்து வாரத்தில் ஏற்படும் சாவுகள் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் குறைந்தன!

நம் தமிழ்நாட்டிலும் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய முயற்சி நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். சின்ன இடத்தில் ஊசி, பிறகு ஆம்புலன்ஸ், பெரிய இடத்தில் ஆஞ்சியோ என்று ஏற்பாடு. இதற்கு முன் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர். ஏற்பாட்டுக்குப் பின் 14.2. நூறு வீடுகளில் மூன்று வீட்டுக் குங்குமம் கூடுதலாகத் தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூட முதல் வேளை மாத்திரைகளை வைத்தது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் சேர்ந்து 14 மாத்திரைகள். இவற்றை நாமாக வாங்கி விழுங்கக் கூடாது. ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தப்போக்கு எல்லாம் விசாரித்துத்தான் கொடுப்பார்கள்.

ஆஸ்பத்திரி செய்வது பாதிதான். மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. ஒரு வருஷம் கழிந்து அண்ணாச்சிக்கு உடம்பு நன்றாகத் தேறியதும், "இன்னும் எதுக்கு மாத்திரை? சூடு பண்ணும்" என்று ஒரு நண்பர் ஓதியிருக்கிறார். அண்ணாச்சியும் மாத்திரை டப்பாவை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். மைனி அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தினார். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுசுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறைந்துவிடக்கூடுமாம்.

சமையலிலும் மைனி கெட்டிக்காரி. உப்பு விளையும் சீமையில் இருந்துகொண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு போவதில்லை. கருவாடும் ஊறுகாயும் எப்போதாவதுதான். "கருப்பட்டிதானே, சீனியா என்ன?" என்று அண்ணாச்சி காபிக்குக் கெஞ்சினால், "சர்க்கரை வியாதிக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று முடித்துவிடுகிறாள். வெற்றிலையோடு போட்ட புகையிலை போயே போய்விட்டது.

சகோதரிகளே, உங்கள் ஊரில் ராத்திரியிலும் ஈசிஜி எடுக்கும் ஆஸ்பத்திரி எது? இன்றைக்கே விசாரித்துக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வேர்வை வந்தால், அது வாயுவா இல்லையா என்பதை ஈசிஜி சொல்லட்டும்.

இன்னொன்று. நம் பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மூச்சுவாங்கல், குமட்டல், முதுகுவலி, காரணமில்லாத அசதி என்று மாரடைப்பு வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மறைவாக வரும். "அடுப்பு வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோமே! வீட்டில் எல்லாருடைய மாத்திரைக்கும் நேரம் பார்க்கிறவள், தன் உடம்புக்கும் நேரம் பார்க்க வேண்டாமா?