மேல்வெயிலும் மேல்காற்றும்

மேற்கே குற்றால மலையைப் பார்த்துக்கொண்டே வெயிலில் வாடுவது பாவூர்சத்திரத்தாருக்கு வாய்த்த விசித்திர பாக்கியம். ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்துவிட்டால் கவலையில்லை. அதற்கு முந்திய சித்திரை அல்லவா சோதனை!

மேல்வெயிலுக்குப் பயந்து மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்காமல் வீடு கட்டுகிறார்கள் சிலர். பிறகு காற்று நுழைய வழியேது? குளிர்சாதன யந்திரம் வந்து சேருகிறது. பழைய ஓட்டு வீட்டிலோ மேற்கே தாழ்வாரம் இறக்கி, அதன் நிழலில் ஜன்னல் வைத்தார்கள். பகலில் அடைத்து, அந்தி சாய்ந்ததும் திறந்தால் போதும். உள்ளிருந்த உஷ்ணம் முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடும்.

என் மனத்தை உறுத்துவது வேறு விஷயம். தகரக் கூரையின் கீழ் நாள் முழுதும் பீடி சுற்றும் பெண்கள் இப்பக்கத்தில் ஏராளம். மின்விசிறி சுழன்றால் முறத்திலுள்ள புகையிலைத் தூள் பறந்துவிடும். ஆகவே அதையும் நிறுத்திவிட்டு வேர்க்கிறார்கள். அவர்களுக்குக் கூரையிலேயே பரிகாரம் தேட வேண்டும். தகரத்தின்மேல் சிறிது இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயலாம். நெருப்புப் பயம் இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சுண்ணாம்புச் செலவை வீட்டுக்காரர்கள் வாடகையில் கழித்துக் கொடுத்தால் என்ன?