சுவர் அவருடையது, சாமான் நம்முடையது

“சாமி, வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறாராம். அதில் எங்களுக்கும் ஏதாவது வருமா?”

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் இக்கேள்வியை நான்கு வீடுகளிலாவது என்னிடம் கேட்டிருப்பார்கள். நவம்பர் 30-ஆம் நாள் சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரின் அருகே கரையேறி, நெடுநேரம் நகராமல் நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் இறங்கி மக்களை மீட்டுக்கொண்டிருந்தனர். நீர் வடிந்த பின் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, பெரிதும் இழந்தவர்கள் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருப்போர் என்பதைக் கண்டேன். உரிமையாளர் பெரும்பாலும் மாடியில் இருக்கிறார். அல்லது வேறு ஊரில் இருக்கிறார்.

கேள்விக்கு விடை “வராது” என்பதே. வீட்டுக்காரர் வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதி அவருடைய சுவருக்கும் கூரைக்கும் உரியது. அதில் சாமான்களும் சேர்ந்திருந்தால், அவை அவருடைய சாமான்கள். நம் கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் அவர் வீட்டுக்குள் இருப்பதனால் மட்டும் அவருடைய பத்திரத்துக்குள் நுழைந்துவிடுவதில்லை.

இப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் கணவரை இழந்த சகோதரி. தையல் தொழில் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். கிறிஸ்துமசுக்கென்று பிறர் தைக்கக் கொடுத்த துணிகள் முழுவதும் சேற்றுநீரில் ஊறிக் கிடந்தன. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இரண்டும் மூழ்கிவிட்டன. குடும்ப அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்த உதவி அவருக்கும் கிடைத்தது. அதனை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வாரம் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் ஓர் இயந்திரத்தின் விலைக்கும் அது போதவில்லை. துணி கொடுத்தவர்களோ பண்டிகைக்கு முன் வந்து வாசலில் நின்றார்கள்.

நம் ஊரில் சொல்தா குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரான்சு நாட்டில் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அங்கே 1989 ஜூலை 6-ஆம் நாள் சட்டத்தின்படி வாடகைக்கு வருபவர் காப்புறுதி செய்தே ஆகவேண்டும். சாவியை வாங்கும்போதே சான்றிதழைக் காட்ட வேண்டும். பின்னரும் ஆண்டுதோறும் உரிமையாளர் கேட்கலாம். இல்லையேல் ஒப்பந்தமே முறிந்துபோகக்கூடும். ஆயினும் அச்சட்டம் கட்டாயமாக்குவது, தீயினாலோ குழாய் நீரினாலோ வீட்டுக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பை மட்டுமே. தம் சொந்தப் பொருள்களுக்கு அவர்கள் விரும்பிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆதலின் எவரும் நினைப்பதுமில்லை. பாரிசில் மகனுடைய ஒற்றை அறைக்குப் பத்திரம் இருக்கிறது; நெல்லித்தோப்பில் தாயின் பீரோவுக்கு இல்லை.

நம் நாட்டில் இதற்கு வழியில்லையா என்றால், இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளைப்படி 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரியான வீட்டுக் காப்புறுதி நடைமுறையில் உள்ளது. அதில் கட்டடத்துக்கு மட்டும், சாமான்களுக்கு மட்டும், இரண்டுக்கும் சேர்த்து என மூன்று வகையாகவும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர் கேட்க வேண்டியது நடுவிலுள்ளதை. அலுவலகத்துக்குச் சென்று, “எனக்குச் சொந்த வீடு இல்லை, சாமான்களுக்கு மட்டும் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். முகவர் சிலர் இதில் அக்கறை காட்டமாட்டார்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும் கட்டணத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும்? விடாமல் கேளுங்கள்.

புயலைப் பற்றி ஒரு சொல். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் வந்த தானே புயல் நம்மைக் காற்றினால் அடித்தது. மரங்கள் சாய்ந்தன, ஓடுகளும் தகரங்களும் பறந்தன. ஃபெஞ்சலோ நீரினால் அடித்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடலே எழுந்து வந்தது. ஆகவே நம் கரையில் இருப்பவருக்குப் புயற்காற்று, வெள்ளம், ஆழிப்பேரலை மூன்றும் ஒரே பத்திரத்தில் இருக்க வேண்டும். மேற்சொன்ன திட்டத்தில் இம்மூன்றும் அடங்கும். வேறு பெயரில் எதையேனும் நீட்டினால், இவை மூன்றும் எழுத்தில் உள்ளனவா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? ஒரு ஞாயிறு மாலை குடும்பமாக உட்கார்ந்து, அறை அறையாக உள்ள பொருள்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்கிய விலையை எழுத வேண்டாம். இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எழுதுங்கள். பாத்திரம், துணிமணி, மெத்தை இவற்றை மறப்பது வழக்கம். கூட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கணக்கு சற்றே குறைந்துபோனாலும் அஞ்ச வேண்டாம். ஐந்து இலட்சம் பெறும் சாமான்களை மூன்று இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்து, ஒரு இலட்சம் பாழானால், “நீ குறைத்துக் காட்டினாய்” என்று அந்த ஒரு இலட்சத்தில் வெட்ட இத்திட்டத்தில் இடமில்லை. மூன்று இலட்சத்துக்கு மேல் கிடைக்காது, அவ்வளவே.

இனி, அடங்காதவை. ரொக்கப் பணம் அடங்காது. நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். திருட்டு என்றால், புயல் போன்ற ஆபத்து நேர்ந்த ஏழு நாள்களுக்குள் அதனையொட்டி நடந்த திருட்டே கணக்கில் வரும். ஸ்கூட்டர் வராது; அதற்கு வண்டியின் பத்திரத்தில் சொந்தச் சேதமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆவணங்களுக்கும் ஈடு இல்லை. நம் ஊரில் இது சிறு செய்தியன்று. பிரெஞ்சுக் குடியுரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் பாட்டன் காலத்துப் பிறப்பு, திருமணச் சான்றுகளை அடிப்பெட்டியில் வைத்துக் காக்கும் குடும்பங்கள் எத்தனை! அப்பெட்டியைப் பரணில் ஏற்றுங்கள். நம் கோவில் அலுவலகத்திலும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் மேல்தட்டில்தான் இருக்கின்றன.

தையற்கார சகோதரியின் நிலையில் இருப்போர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுச் சாமான் என்பது வீட்டு உபயோகத்துக்கு உரியது. பிழைப்புக்கான இயந்திரமும், பிறர் நம்பிக் கொடுத்த துணியும் அதில் சேரா. சிறு தொழில்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் வேறொரு திட்டம் அதே நாளில் தொடங்கப்பட்டது. தையல், இஸ்திரி, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பது ஆகியவற்றில் ஈடுபட்டோர் அதனைப் பற்றி விசாரிக்கலாம். பிறர் பொருளும் அடங்குமாறு எழுதித் தரச்சொல்லிக் கேட்க வேண்டும். வீடு குடியிருக்கத் தகாமல் போய் வேறிடம் சென்றால் அந்த வாடகைக்கு ஏதேனும் கிடைக்குமா என்பதையும் முன்னதாகவே கேளுங்கள்.

“கடவுள் காப்பார் என்று நம்புகிறவனுக்குக் காப்புறுதி எதற்கு?” என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டுகள் தானியம் சேர்த்தது அவநம்பிக்கையாலா என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் இன்னும் பத்திரம் எடுக்கவில்லை என்று கேள்வி.

காலம் முக்கியம். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறிய பிறகு காப்புறுதி அலுவலகத்துக்கு ஓடுவது வீண். ஆடி மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

சேதம் நேர்ந்துவிட்டால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நனைந்த மெத்தையை மறுநாளே தெருவில் எறிந்துவிடுகிறோம். மதிப்பிட வருகிறவர் எதைப் பார்ப்பார்? நாற்றம் தாங்கவில்லையென்றால், சுவரில் நீர் நின்ற கோடும் தெரியும்படி ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். அந்த நோட்டும் பில்லும் சான்றிதழ்களோடு பரணில் இருக்கட்டும்.

உரிய தொகையை நிறுவனம் மறுத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. புதுச்சேரி நகரமும் காரைக்காலும் சென்னைக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் வருகின்றன. மாகேயில் உறவினர் இருந்தால் அவர்கள் கொச்சிக்கும், ஏனாமில் இருப்போர் ஐதராபாத்துக்கும் எழுத வேண்டும்.