படல் சாத்தும் நேரம்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு ஏதாவதொரு இட்டேரிக்குள் இறங்கினால் இருபுறமும் முள்ளுக்கிளுவை வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் கிடப்பது வெறும் தரிசு என்றே வெளியூர்க்காரர் கண்ணுக்குப் படும். காற்றுக்காலத்தில் போனால் இன்னும் மோசம்: பழுப்பேறிய புல்தூர்கள், அங்கங்கே வெள்வேல மரங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓயாமல் வீசும் காற்று. அந்த நிலம்தான் கொறங்காடு. பட்டா நிலம்தான், ஆனால் மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே தலைமுறைகளாக விட்டுவைத்தது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை நம்பி, காங்கயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான்.

நான் போனது ஐப்பசி மழை பிடித்த வாரம். அழைத்துப்போன பெரியவருடைய கொறங்காடு நான்கு வேலிகளாக, அதாவது வேலியடைத்த நான்கு துண்டுகளாக, பிரிந்திருந்தது. மூன்றில் பச்சை துளிர்த்திருந்தது. மாடுகளோ துளிரே இல்லாத நான்காவதில் நின்று வைக்கோல் தின்றன. புல் வந்த பிறகு தீனி போடுவானேன் என்று கேட்டேன்.

“இப்பத்தான் கண்ணு மாட்ட உடக் கூடாது. துளிரக் கடிச்சுதுன்னா தூரு செத்துப்போகும். பூத்து வெத உளுகோணும். அப்பறம் திங்கட்டும்.”

அவர் சொன்னது முழுக்கக் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி. பல ஆண்டுகள் தூராகவே நிற்கும் புல் அது. கோடை முழுவதும் வேரிலும் அடித்தண்டிலும் காத்து வைத்த சத்தைக் கொண்டுதான் முதல் மழைக்கு இலை விடுகிறது. அந்த இலை வெயிலில் நின்று செலவழித்ததைத் திருப்பிச் சேர்க்கச் சில வாரங்களாவது வேண்டும். அதற்குள் மாடு கடித்தால் இருப்பிலிருந்து மறுபடி எடுக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் வேர் சுருங்கும், தூர்களுக்கு நடுவே மண் தெரியும், அந்த இடைவெளியில் சீமைக்கருவேலம் வந்து உட்காரும். விதைநெல்லை அவித்துத் தின்பது போன்ற காரியம். விதைக்கும் அவசரமில்லை. சுணையோடு காற்றில் பறந்து விழும் கொழுக்கட்டை விதை உடனே முளைக்காது. சில மாதம் உறங்கும். இந்த ஐப்பசி மழைக்குப் பூத்து உதிர்வது அடுத்த மழைக்கான புல்.

மாட்டை எப்போது விடுவது என்பதைப் போலவே, எப்போது வெளியேற்றுவது என்பதும் அவருக்குக் கண்ணளவு. குனிந்து தூரில் நான்கு விரலை வைத்துக் காட்டினார். கட்டை அதற்குக் கீழே போகுமுன் அடுத்த வேலிக்கு மாற்றிவிட வேண்டும். புல் மிகவும் தேய்ந்த துண்டை எப்போதாவது உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவாராம்.

புல் ஒன்றை மட்டும் நம்பினால் கோடையைக் கடக்க முடியாது. சித்திரை, வைகாசியில், புல் சருகாகிவிட்ட நேரத்தில், வெள்வேலங்காய் முற்றி உதிர்கிறது. மாடும் ஆடும் தேடித் தின்கின்றன. கடினமான தோலுள்ள அந்த விதை குடலில் ஊறிச் சாணியோடு விழுந்து முளைக்கிறது. எந்தக் கன்றை நிற்க விடுவது, எதை வெட்டுவது என்பது மட்டுமே ஆளின் வேலை. நிழல் அடர்ந்தால் அடியில் புல் மெலியும்.

எனக்குப் பெரும் வியப்பு வேலிதான். அன்று ஒரு தம்பதி கிழக்கு வேலியில் வேலையாக இருந்தார்கள். இலை உதிர்த்து நிற்கும் கோடையில் வெட்டிய கிளுவைப் போத்துகளைக் கரையில் நெருக்கமாக ஊன்றியிருந்தார்கள். மழைக்கு அவை தளிர்த்திருந்தன. இப்போது தளிர்த்ததை ஒன்றோடொன்று வளைத்துக் கோத்து, சந்துகளில் வெள்வேல முள்ளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் முன்கை முழுவதும் பழைய கீறல்கள். இவர்கள் வேலி அடைத்தால்தான் மேய்ப்பவர் இல்லாமலேயே இனவிருத்திக்கான பூச்சிக்காளையும் பசுவும் இரவு பகலாக உள்ளே கிடக்க முடியும். புல்லைப் பூட்டி வைக்கிற சாவியும் அதே வேலிதான். கொறங்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாட்டைப் புகழ்கிறார்கள். வேலி அடைக்கும் கைகளைப் பேசுவோர் குறைவு. எனக்கு அது பெரும் குறையாகவே படுகிறது.

உழவு டிராக்டருக்குப் போனபின் காளைக்கன்றின் விலை சரிந்தது. செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக மாறும் அந்தக் கன்றுகளில் பல சந்தை வழியே கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகின்றன. கொறங்காடுகளும் காற்றாலைக்கும் மனைக்கும் போகின்றன. பொக்லைன் ஒன்று ஒரு பொழுதில் பிடுங்கிவிடும் வேலியை மறுபடி எழுப்பப் பல மழைக்காலம் ஆகும். அரசு இந்த மேய்ச்சல் நிலத்தைத் தரிசாகப் பார்ப்பதை நிறுத்தி, பயிர் நிலத்துக்குரிய மதிப்பைத் தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மாடு குறைந்ததால் பெரியவர் ஒரு வேலியைச் செம்மறிக்காரர் ஒருவருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஒரே வருஷத்துக்கு எடுத்தவருக்குப் புல்லின் அடுத்த வருஷத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்டேன். மழை விழுந்தால் மூன்று வாரம் வேலிவாசல் படலைத் திறக்கக் கூடாது என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தமாம். நாங்கள் நின்றிருந்தபோதே குத்தகைக்காரர் வந்தார்.

“மூணு வாரம் ஆட்ட எங்கீங்க கொண்டுபோறது? தீனி வெல குடுத்து வாங்கறனுங்க. அந்த மூணு வாரத்துக்குக் குத்தகையில கழிச்சிக்கோங்க.”

பெரியவர் சற்று யோசித்து, இரண்டு வாரத்துக்குக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். செம்மறிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கிளம்பும்வரை பேச்சு நடந்துகொண்டிருந்தது. படல் சாத்தியே இருந்தது.