சில்லின் குடமும் சிறிதளவு கிறீஸும்

மலைப்பாதைச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தியதும் பின்சில்லு 'கிறுகிறு'வென ஒலிப்பதை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். அவ்வொலி சில்லின் நடுவேயுள்ள குடத்திலிருந்து எழுகின்றது. சிலவகைக் குடங்களில், பல்வெட்டிய இரு வளையங்கள் சுருள்விற்களால் தள்ளப்பட்டு முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். மிதிக்கும்போது பற்கள் கௌவிச் சில்லைச் சுழற்றும். மிதிக்காதபோது ஒன்றன்மேலொன்று வழுக்கி ஒலிக்கும். வளையத்தில் 36 பற்களெனின், 10 பாகைக்கு ஒருமுறை அவை கௌவும்.

மழைக்காலம் கழிந்ததும் இக்குடத்தைத் துப்புரவாக்குவது எம் வீட்டு வழக்கம். சில்லைக் கழற்றிப் பற்சக்கரத் தொகுதியைக் கையால் இழுத்தாலே அது வெளிவந்துவிடும். வளையங்களையும் விற்களையும் இருந்த ஒழுங்கிலேயே வெள்ளைத் துணியிற் பரப்பி, பழைய கிறீஸையும் மணலையும் துடைப்போம். மண்ணெண்ணெயைப் பெயாரிங்கின் பக்கம் கொண்டுசெல்வதில்லை. உள்ளிருக்கும் கிறீஸை அது கரைத்துவிடும்.

அடுத்து வருவதே மிகுந்த கவனத்துக்குரியது. ஒலி அடங்கட்டுமென்று கெட்டியான கிறீஸை அள்ளி அப்புவாருளர். விற்களின் வலு அப்பசையை வெல்லாது. பற்கள் முற்றாகப் பொருந்தா. மேட்டில் எழுந்துநின்று மிதிக்கும் பிள்ளையின் கால் திடீரென வெறுமையில் இறங்கும். வீழ்ச்சியும் காயமும் தொடரும். ஆதலின் இதற்கென்றே விற்கப்படும் கிறீஸை மெல்லிய படலமாகவே பூசுகிறோம். மூடியபின் சில்லைச் சுழற்றி, ஒலி சீராக எழுகின்றதா எனச் செவிகொடுப்போம்.

இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்து அருகில் இருக்கிறோம். அளவறிந்து இடுதலும் பேணுதலிற் பாதியென்பதை அவர்கள் விரல்களே கற்றுக்கொள்கின்றன.