சோறு மட்டும் சூடா
மீன் தலைக் கறி சிங்கப்பூரில் பிறந்தது. 1949இல் சோஃபியா ரோட்டில் கோமஸ் என்ற மலையாளி, மீன் தலையை விரும்பும் சீனர்களுக்காகப் போட்ட கறி. போன வாரம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலையில் அதைச் சாப்பிட்ட படத்தை, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தோழி போட்டாள். நான் கேன்டீன் மீ கோரெங்கைப் போட்டேன். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் மன்னார்குடி அண்ணன் தன் கேட்டரிங் பொட்டலத்தைப் போட்டார்: சோறு, குழம்பு, முட்டைகோஸ். விடியுமுன் சமைத்தது, பிரிப்பது மதியம் 12 மணிக்கு.

“பருப்பு போட்டா வெயில்ல கெட்டுடும் தம்பி. புளிக்குழம்புதான் தாங்கும்.”

வானொலியில் எத்தனையோ சமையல் குறிப்பு வாசித்திருக்கிறேன். இந்தக் கணக்கு எதிலும் வந்ததில்லை.

ஞாயிறன்று தேக்கா நிலையத்தில் கூடினோம். மீன் தலை சொல்லலாமா என்றேன்.

“எதுன்னாலும் சரி, சோறு மட்டும் சூடா இருக்கணும்” என்றார் அண்ணன்.