உருளையும் உருவமும்

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும். மரத்தைக் கடைந்தால் உருவம் திரளும். இரு தொழிலுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத் தந்திருக்கிறது. முன்னதில் மத்து சுழல்கிறது. பின்னதில் மரமே சுழல, உளி அதன்மேல் மெல்லப் படிகிறது.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்த கள்ளக்குறிச்சி, மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வூர்ச் சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. அவை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கப்படுபவை. கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும் கடைபவரையோ பெரும்பாலும் யாரும் சிற்பி என்று அழைப்பதில்லை.

மலைப்பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, கடைசல் தொழிலாளியின் மகன் ஒருவன், “அப்பா சுழலும் கட்டையில் உளியை வைக்கிறார், அவ்வளவுதானே? அதில் கலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். அவ்வினா என்னைப் பல பட்டறைகளுக்கு இட்டுச் சென்றது.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. அச்சைச் சுற்றி வரும் கட்டை எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தேயும். ஆகவே தூணும் பம்பரமும் பிறக்கும். மூக்கும் கையும் உடைய உருவம் பிறவாது. இவ்வெல்லையைக் கடக்க வழிகள் உண்டு.

முதல் வழியை நம் வீட்டு மத்து காட்டுகிறது. கடைந்து உருட்டிய அதன் தலையில் பின்னர்ப் பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. கடைசல் முடியும் இடத்தில் செதுக்கல் தொடங்குகிறது.

இரண்டாவது வழி, மையத்தை மாற்றுவது. ஒரு மையத்தில் கடைந்த கட்டையைச் சற்றே விலக்கிப் பிடித்து மீண்டும் கடைந்தால் உருவம் ஒருபுறம் சாயும். ஒசிந்த இடையின் வளைவு தோன்றும்.

மூன்றாவது வழி, அறுப்பது. ஜெர்மனியின் சைஃபன் என்னும் மலையூரில் மரத்தை வளையமாகக் கடைகின்றனர். அதனைத் துண்டு துண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாகவோ மாடாகவோ நிற்கும். பிளக்கும்வரை விலங்கு கண்ணுக்குத் தெரியாது. கடைபவர் மனத்தில் கண்டே உளியை நகர்த்துகிறார். கனடாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்பின், 1970களில் கடைந்த வடிவங்களை அறுத்து, வேறு விதமாக இணைத்துப் புதிய சிற்பங்கள் ஆக்கினார்.

கடைசல் கைவராதவர்க்கு இவற்றுள் எதுவும் கைகூடாது. மையம் பிசகினால் கட்டை அதிரும். உளி மழுங்கினால் நார் பிய்யும். நூறு கட்டில் கால்களை அளவு தவறாமல் கடைந்த கையே, நூற்றொன்றாவதில் மையத்தைத் துணிந்து விலக்க வல்லது. அந்த மாணவனின் தந்தையிடம் அத்தகைய கை இருந்தது.

மாணவர்களே, வீட்டிலுள்ள மத்தைக் கையில் எடுங்கள். உருளை எங்கே முடிகிறது, செதுக்கல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவி அறியுங்கள்.