பிளாஸ்மா டிவி: கடையில் தோற்றது, வீட்டில் ஜெயித்தது

டிவி வாங்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? கடையில் இருபது டிவியை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே ட்யூப்லைட் வெளிச்சம் கொட்டும். எது பளிச்சென்று கண்ணைப் பறிக்கிறதோ, அதற்கு பில் போடச் சொல்வார்கள். வாடிக்கையாளரே மன்னர் என்று மார்க்கெட்டிங் பாடத்தில் சொல்வார்களே, அந்த மன்னர் தீர்ப்பு சொன்ன இடம் இதுதான். :-)

பிளாஸ்மா செத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரம் அதிகம் குடித்தது, கனமாக இருந்தது, 4கே-வுக்குத் தேவையான பொடிப் புள்ளிகளை அதில் செய்வது சிரமம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் படத்தின் தரத்தில் அது தோற்கவில்லை.

எல்.சி.டி.யில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் கதவு மாதிரி அதை மறைக்கும். கதவிடுக்கில் வெளிச்சம் கசிவதால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகிவிடும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. நியான், செனான் வாயுவில் மின்சாரம் பாய்ந்து புற ஊதாக் கதிர் வரும். அது பாஸ்பர் பூச்சில் பட்டு நிறமாகும். அடுத்த முறை சட்டென்று எரிவதற்காகக் கறுப்பிலும் அந்தப் புள்ளிகள் லேசாகக் கனன்றுகொண்டிருக்கும். அந்தக் கனலை வெகுவாகக் குறைத்து பயனியர் 2007-ல் கொண்டுவந்த வரிசையின் பெயர் 'குரோ'. ஜப்பானிய மொழியில் குரோ என்றால் கறுப்பு! ட்யூப்லைட் வெளிச்சத்தில் கறுப்பை யார் பார்ப்பது?

வீட்டுக்கு வந்த பிறகும் பாதிப் பேர் அந்தக் கறுப்பைப் பார்க்கவில்லை. கடைக்காக வைத்த 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடிலேயே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். செய்ய வேண்டியதோ அரை மணி நேர வேலை. முதலில் 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்ற வேண்டும். அடுத்தது பிரைட்னஸ். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் சினிமாவைப் போட்டு, பட்டை சாம்பலாகும் வரை ஏற்றி, கறுப்பாகும் வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் ஹீரோவின் தலைமுடி ஒரே மை! வெள்ளையின் அளவு கான்ட்ராஸ்டில் இருக்கிறது. வெள்ளைச் சட்டையின் மடிப்பு மறையாத வரை ஏற்றலாம். பிளாஸ்மாவில் நின்ற படம் திரையில் தழும்பாகப் பதியும் ஆபத்து உண்டு என்பதால், இதைக் கொஞ்சம் குறைவாக வைப்பதே நல்லது.

நிறத்துக்கு 'வார்ம்'. சினிமாவும் வீடியோவும் தயாராவது சுமார் 6500 கெல்வின் வெள்ளையை அளவாக வைத்து. கடை மோடின் நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். இரண்டு நாள் பொறுத்தால், பழைய மோடில் முகங்கள் நோயாளி மாதிரி தெரியும். ஷார்ப்னஸைக் குறைத்தால் உருவங்களைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடும் போய்விடும்.

2009 பிப்ரவரியில் பயனியர் டிவி தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014-ல். இப்போது ஓ.எல்.இ.டி.யை விற்பவர்கள் முதலில் சொல்லும் பெருமையே அதன் கறுப்புதான். வாங்கியவர்கள் மெனுவைத் திறந்து பார்க்கட்டும், 'விவிட்' அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.